கரை மேட்டில் நின்றுபோகும் சத்தம்

என் வீட்டு மாட்டுக்கொட்டகையில், தீவனம் போடுகிற மூலைக்குப் பக்கத்தில், கோணிச் சாக்குப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் பல வருஷம் நின்றது. சாக்கின் மேல் கோழி ஏறி உட்காரும். கன்றுக்குட்டி அதன் சக்கரத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும். வைக்கோல் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நான் சுற்றிக்கொண்டுதான் போனேன். ஒருநாள்கூட அதை நகர்த்தி வைக்கத் தோன்றவில்லை.

அது என் வீட்டுக்காரருடைய வண்டி. சிங்கவரம் பக்கத்து ஊர்களில் பால் கறந்து வாங்கி, இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு செஞ்சியில் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. அந்த வண்டியில்தான் மோதி உயிரை விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிரை வாங்கிய வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவர மாட்டார்கள். விழுந்த இடத்திலிருந்தே காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கொழுந்தனார் அதற்கு ஆள்கூடப் பேசிவிட்டு வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

"அண்ணி, அத ஊட்டுக்குள்ள ஏத்தக் கூடாது. நான் போட்டுட்டு வந்துடறேன்."

"வண்டி இன்னா பண்ணுச்சு? அவரு ஒழைச்ச வண்டி. உள்ள கொண்டாந்து நிறுத்து" என்றேன்.

காரியம்கூட முடியாத வீட்டில் அப்படிப் பேசினேன் என்று தெருவே பேசியது. எமனை இழுத்து வந்து கொட்டகையில் கட்டிவைத்திருக்கிறாள் என்றார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் வேறொன்றுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் குடித்திருந்தார் என்று சிலர் சொன்னார்கள். குடிக்கவில்லை, வேண்டுமென்றே போய் மோதிக்கொண்டார் என்று வேறு சிலர் சொன்னார்கள். அதற்குக் காரணம், அவர் மோதிய டிராக்டரை ஓட்டிவந்தவர் கோயில் வாசலில் நின்று செய்த சத்தியம்.

எங்கள் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. சிங்கவரத்திலிருந்து வரும் ரோடு கரைமேல் ஏறி, ஒரு புளியமரத்தடியில் வளைந்து, எங்கள் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். வாசலிலிருந்து பார்த்தால் கரை தெரியாது, தென்னந்தோப்பு மறைத்துக்கொள்ளும். காதால் கேட்கத்தான் முடியும். அன்றைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சரிவின் நடுவில் பழுதாகி நின்றிருந்தது. அதற்கு விளக்கு இல்லை. அது டிராக்டர்காரர் தப்பு, அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "எதுத்தாப்புல வெளக்கும் வரல, சத்தமும் வரல. ஆரன்கூட அடிக்கல. இருட்டே எழுந்து வந்து மோதுன மாதிரி இருந்துச்சு." நல்ல வண்டி, நல்ல விளக்கு, தினம் போகிற பாதை. விளக்கைப் போடாமல் ஒருவன் இருட்டில் இறங்கினால் ஊர் இரண்டே காரணம்தான் சொல்லும். இரண்டும் என் காதில் விழுந்தன. அவர் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாகவும் நினைக்க மாட்டார், ஏனென்றால் வீட்டில் அவர் மகள் இருந்தாள். ஆனால் விளக்கு ஏன் எரியவில்லை என்று எனக்கும் தெரியாது.

மகள் எங்களுக்குக் காலம் தாழ்ந்து பிறந்தவள். என் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு வயிறு வாய்த்தது. பச்சைக்குழந்தையாக இருந்தபோது சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போட்டு அழுவாள். அப்போது அவர் ஒரு பழக்கம் பிடித்தார். பாலை ஊற்றிவிட்டு, சிங்கவரத்தில் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பும்போது, கரை மேட்டின் உச்சியிலேயே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிடுவார். அங்கிருந்து சரிவில் சத்தமில்லாமல் உருண்டு வாசலில் வந்து நிற்பார். அடுப்படியில் இருக்கும் எனக்கு வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்கும், பிறகு நின்றுபோகும். நின்றுபோனால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் செயின் உரசும் சத்தம், காலிக் கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், அவர் தொண்டையைச் செருமும் சத்தம்.

குழந்தை வளர்ந்து, சத்தத்துக்கு அழுவதை விட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. அது அப்பனுக்கும் மகளுக்கும் விளையாட்டாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் ரோட்டோரம் நிற்பாள், அவர் அவளைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்காரவைத்துக்கொண்டு சிங்கவரம்வரை போய்வருவார். மேட்டுக்கு வந்ததும் குனிந்து அவள் காதில், "திருப்பு பாப்பா" என்பார். அவள் சாவியைத் திருப்புவாள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்க இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். கிராமத்தில் மற்றவர்கள் கியரை எடுத்துவிட்டு இறங்குவார்கள், அது வேறு. சாவியைத் திருப்பி வண்டியையே அணைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெளியில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சாயங்காலம் அவள் வண்டியில் இல்லை. ஜுரம் அடித்ததால் வீட்டில் படுத்திருந்தாள். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரமே போய்விடும், எங்கள் பக்கம் மற்ற ஊர்களைவிட முன்னாலேயே இருட்டும். மேட்டில் வண்டி ஏறியது. நின்றுபோனது. "நைனா வந்துட்டாரு, சொம்புல தண்ணி எடுத்து வை" என்று மகளிடம் சொன்னேன். அவள் எழுந்து சொம்போடு வாசலில் போய் நின்றாள். நான் அடுப்பைத் தள்ளிவிட்டு வந்தேன். அவள் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள். மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் நின்றுபோன சத்தம்தான். இன்னும் வந்துசேராத சத்தம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் அந்த மேட்டைக் கடந்தன. எதுவும் உச்சியில் நிற்கவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் என் காது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சில நாள் ஒரு வண்டி ஏறி வரும், நின்றுபோகும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். யாரும் வரமாட்டார்கள். அது மெய்யாக நின்ற வண்டியா, என் காதுக்குள் நின்ற வண்டியா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பயம் இருந்ததா என்றால், இல்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று இருந்தது. அவ்வளவுதான்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. காலேஜில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"காலேஜ் வுட்டு பஸ்ஸப் புடிச்சு வர்றதுக்குள்ள பொழுது போயிடுதும்மா. நைனா வண்டி சும்மாத்தான நிக்குது."

கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், வண்டி என்ன பண்ணுச்சு என்று ஊரைக் கேட்டவள் நான். மகளிடம் எப்படி மாற்றிப் பேசுவது?

"மொதல்ல லைசென்ஸ் எடு. அப்பறம் பேசு" என்றேன். பயந்து விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் விடவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பதிந்து, ரோட்டில் நட்டிருக்கிற பலகைப் படங்களெல்லாம் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் வாங்கிவந்தாள். எல்.எல்.ஆர். கொடுப்பதற்கு முன்னால் அதில்தான் கேள்வி கேட்பார்களாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் படத்துக்கு எழுத்து வேண்டாமே. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நான் படத்தின் மேல் விரல் வைப்பேன், அவள் சொல்லுவாள். குறுகிய பாலம். கால்நடை. பள்ளிக்கூடம். ஒரு படத்தில் வண்டி ஒன்று கீழே சாய்ந்திருந்தது. "இது நம்ம கர மேடு" என்றேன். "செங்குத்தான எறக்கம்மா. நம்ம மேட்டுக்கு இன்னும் பலகை வெக்கல" என்று சிரித்தாள். நான் அடுத்த படத்துக்கு விரலை நகர்த்திக்கொண்டேன்.

எல்.எல்.ஆர். வந்தது. ஊரில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பையன்களிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரிபண்ணினாள். சிவப்பில் எல் என்று போட்ட ஸ்டிக்கரை முன்னாலும் பின்னாலும் ஒட்டினாள். பகலில் பள்ளிக்கூட மைதானத்தில் கல் அடுக்கி வைத்துக்கொண்டு எட்டுப் போட்டுப் பழகினாள். கால் தரையில் படக்கூடாதாம். முதல் வாரம் முழங்கால் தோலெல்லாம் மைதானத்தில்தான் இருந்தது. கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இவ எட்டுப் போடல, எல்லாத்தையும் சுழியாப் போடறா" என்றார். அவளும் சிரித்தாள். வீட்டில் ரொம்ப நாள் கழித்து மூன்று பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேட்டில் வண்டி ஏறியது. அந்த இருமல், மூச்சு வாங்கும் அந்தச் சத்தம், எத்தனை வண்டிக்கு நடுவில் கேட்டாலும் எனக்குத் தெரியும். உச்சிக்கு வந்தது. நின்றுபோனது.

நான் களைந்த அரிசியோடு அப்படியே நின்றேன். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்தது. பிறகு செயின் உரசும் சத்தம் வாசலில் கேட்டது. போய்ப் பார்த்தால் மகள். தலைமுடி காற்றில் கலைந்து, முகமெல்லாம் சந்தோஷமாக, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கற?" என்றாள். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வந்துசேராத சத்தம் அன்றைக்கு வந்துசேர்ந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நாள் நான் ஒருவிதமான மயக்கத்தில் இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலமானால் அந்தச் சத்தம் நிற்பதற்காகவே காத்திருந்தேன்.

மயக்கம் தெளிந்தது ஒரு மாட்டால். கட்டை அவிழ்த்துக்கொண்டு போன பசுவைத் தேடிக் கரையடிக்குப் போயிருந்தேன். இருட்டத் தொடங்கிவிட்டது. சரிவுக்குக் கீழே நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். மேட்டு உச்சியில் மகளுடைய வண்டி விளக்கு எழுந்தது. புளியமரத்து அடிக்கிளையெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. சத்தம் நின்றது. அதே மூச்சில் விளக்கும் செத்தது. சரிவு முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல், என் மகள் என்னைத் தாண்டி உருண்டுபோனாள். நான் கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கும் வரவில்லை, சத்தமும் வரவில்லை என்று டிராக்டர்காரர் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை. அந்தப் பழைய வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு. சாவியைத் திருப்பினால் ஆரனும் கிடையாது. அவர் பின்னால் நான் உட்கார்ந்து போனதெல்லாம் கோயிலுக்கும் சந்தைக்கும், பகல் வேளையில். இருட்டில் அந்தச் சரிவை நான் பார்த்ததே இல்லை. அவர் குடித்திருக்கவில்லை. சாகப் போகவும் இல்லை. குழந்தை தூங்கட்டும் என்று அணைத்த வண்டி. எப்போதோ முழித்துக்கொண்டுவிட்ட குழந்தைக்காக, கடைசிவரைக்கும் அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். நான் சொல்லச்சொல்ல அவள் முகம் வெளுத்துப்போனது. இனி அணைக்க மாட்டேன் என்றாள். அடுத்த நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்று கேட்டேன். மேட்டில் நின்றுபோனது. வந்தவளிடம் கேட்டால், "நான் அணைக்கலம்மா" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவளுக்குத் தெரியாமலே அவள் கை அந்த வேலையைச் செய்தது.

லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்டுகிற நாள் வந்தது. நானும் கூடப் போனேன். மைதானத்து ஓரத்தில் வரிசையாக நின்றார்கள், எல்லாம் இவள் வயசுப் பிள்ளைகள். இவள் முறை வந்ததும் நான் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டேன். கால் ஊன்றாமல், தடுமாறாமல், கோலம் போடுகிற மாதிரி எட்டைப் போட்டாள். முடித்து வெளியே வரும் இடத்தில் தரை லேசாகச் சரிந்திருந்தது. அங்கே வந்ததும் வண்டிச் சத்தம் நின்றுபோனது. உருண்டு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள்.

"வண்டிய எதுக்கும்மா ஆஃப் பண்ண?" என்று கேட்டார்.

"நான் பண்ணல சார்."

"சாவி உன் கையாலதானம்மா திரும்புச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஓடுகிற வண்டியை அணைத்தால் வண்டி உன் கையில் இருக்காது, பழகிக்கொண்டு மறுபடி வா என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். அவள் என்னிடம் வந்து, "நான் பண்ணலம்மா" என்று திரும்பவும் சொன்னாள்.

கொழுந்தனாருக்குச் சேதி போய், வந்து உட்கார்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணன்தான் அண்ணி. பொண்ணு மேல இருக்கற ஆசைல கூடவே வர்றாரு. பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம். வண்டியையும் தள்ளிடலாம்."

"அவரு பொண்ண அவரே இழுத்துக்குவாரா? எழுந்து போ" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் பொழுது சாயும்போது கரை மேட்டுக்கு நடந்தேன். அவர் போன பிறகு அந்த நேரத்தில் அங்கே யாரும் நிற்பதில்லை. நான் புளியமரத்தடியில், வண்டி வளைகிற இடத்தில் போய் நின்றேன். மகள் வந்தாள். விளக்கு என் மேல் விழுந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அவள் கை சாவிக்குப் போனது, திருப்பியது. விளக்கு செத்தது. நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் நின்றோம். அவள் வண்டியை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

"இந்த எடத்துக்கு வந்தா நைனா நெஞ்சு எம் முதுகுல படற மாதிரி இருக்குதும்மா. தாடை உச்சந்தலைல இடிக்குது. திருப்பு பாப்பான்னு சொல்றாரு."

எங்களைத் தவிர அங்கே ஆளில்லை. புளியமரம் அசையவில்லை. அவர் அங்கே நின்றிருந்தால் எனக்கும் அவருக்கும் நடுவில் கையகல இடம்தான் இருந்திருக்கும்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு" என்றேன். "நீ திருப்பாத."

அதிலிருந்து ஒருநாள் விடாமல் மேட்டில் போய் நின்றேன். மழை நாளில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் கை சாவிப்பக்கம் போகும், என்னைப் பார்ப்பாள், கை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வேறு பேச்சு கிடையாது. அவள் விளக்கோடு இறங்கிப்போவாள், நான் பின்னால் நடந்து வருவேன். பால்காரர்கள் என்னைப் பார்த்து மிரண்டார்கள். ஒருவர் மறுநாள் வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னார், "யக்கா, வெள்ளப் பொடவைல அங்க நிக்காத. நேத்து நீதான்னு தெரியறதுக்குள்ள அர லிட்டர் பாலக் கொட்டிட்டேன்." வேறு நிறப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

இரண்டாந்தரம் எட்டுப் போடப் போனபோது நான் கூடப் போகவில்லை. போனால் என்னைப் பார்த்துத்தான் கை திரும்பும் என்று தோன்றியது. மேட்டுக்கும் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபீசில் கூட்டமாம், அவள் திரும்ப நேரமாகிவிட்டது. ராஜகிரி வெயிலை எடுத்துக்கொண்டது. தெருவிளக்கு வந்தது. எனக்கு அவள் பாஸா பெயிலா என்ற நினைப்பே இல்லை. மேட்டில் அவளைத் தனியாக விட்டுவிட்டேனே என்பதுதான் நினைப்பு.

வண்டி ஏறியது. அதே இருமல். உச்சிக்கு வந்தது.

நிற்கவில்லை. சத்தம் வளைந்தது, இறங்கியது, தென்னைகளுக்கு நடுவில் வெளிச்சம் வெட்டி வெட்டி வந்தது, தெருவுக்குள் நுழைந்தது, வாசல்வரை ஓடிவந்து நான் எழுந்து நின்ற பிறகுதான் அடங்கியது. அதுவரை சுவர், கொட்டகை, என் கால் எல்லாம் வெளிச்சத்தில் நனைந்து நின்றன. "பாஸும்மா" என்றாள். கட்டிக்கொண்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே மேட்டுப் பக்கம் காது வைத்திருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஒருத்தியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். இன்னொருவரை மேட்டோடு அனுப்பிவிட்டேன்.

மகள் இப்போது திண்டிவனத்தில் வேலைக்குப் போகிறாள். தினம் அந்த வண்டியில்தான் போய்வருகிறாள். ஊரில் அவர் பேச்சு வந்தால் இப்போது யாரும் குடித்தார் என்பதில்லை. நடந்ததை நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் சமைத்துக்கொண்டிருக்கும்போது மேட்டில் வண்டி ஏறும், ஒரு நொடி தாமதிக்காமல் விளக்கும் சத்தமுமாக இறங்கி வரும். நல்லபடியாக வருகிறாள். வேறென்ன வேண்டும்.

காதுக்குள் நின்ற வண்டியும் அதோடு போய்விட்டது. சில நாள், காற்று விழுந்த சாயங்காலத்தில், காலையில் அவள் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும்: இன்னிக்கு ஒரு தடவை மட்டும் மேட்டுல அணைச்சுட்டு வா, நான் கேட்டுக்கறேன்.

இதுவரைக்கும் சொன்னதில்லை. ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, போய்ட்டு வா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.